இழப்புக்குப் பின் வரும் காதல்: வாசகர் கேள்வி - பதில்

துணையையோ பெற்றோரையோ உடன்பிறந்தவரையோ பறிகொடுத்த இருவர் ஒருவரையொருவர் விரும்பத் தொடங்கினால் எழும் சிக்கல்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, இந்த இதழில் எங்கள் ஆலோசகர் குழு பதிலளிக்கிறது. ஒரே மாதிரியான கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம். பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் கணவர் இறந்து 14 மாதமாகிறது. துயரத்தில் இருப்பவர்கள் கூடிப் பேசும் குழு ஒன்றில், மனைவியை இழந்த ஒருவரைச் சந்தித்தேன். தினமும் இரவு இரண்டு மணி நேரம் போனில் பேசுகிறோம். பேசினால்தான் எனக்குத் தூக்கமே வருகிறது. இது காதலா, இல்லை கூட அழ ஓர் ஆள் கிடைத்த நிம்மதியா?

பதில்: இரண்டும் கலந்தே இருக்கலாம், சகோதரி. ஓரளவு பிரித்துப் பார்க்கவும் முடியும். முதலில், இந்த நெருக்கம் ஏன் இவ்வளவு வேகமாக வந்தது என்று பாருங்கள். மற்ற நேரத்தில் பழகும் இருவர் மனதின் அடியில் கிடப்பதைச் சொல்ல மாதக்கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். துயரத்தில் இருப்பவர்கள் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுகிறார்கள்: கடைசி இரவு என்ன நடந்தது, எதைக் கேட்காமல் விட்டோம், யார் மேல் இன்னும் கோபம் என்பது வரை. அந்தரங்கத்தைப் பகிர்ந்தால் யாரிடமும் நெருக்கம் கூடும். அதிலும், சுற்றியிருப்பவர்கள் 'இன்னுமா?' என்று கேட்கத் தொடங்கும் காலத்தில், எதையும் விளக்கிச் சொல்லத் தேவையில்லாத ஒருவர் கிடைத்தால் மனம் அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

அடுத்த மூன்று வாரம் சிலவற்றைக் கவனித்துப் பாருங்கள். இறந்தவர்களைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் ஒரு மாலைப் பொழுதை இருவரும் கழிக்க முடிகிறதா? அவர் கேட்கும் ஏதாவது ஒன்றுக்கு 'வேண்டாம்' என்று சொல்ல உங்களுக்குத் தயக்கமில்லையா? மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. அவருக்கு ஒரு நல்ல நாள் அமைந்து, சிரித்துப் பேசினால், உங்களுக்குச் சந்தோஷமா, அல்லது விட்டுப் போய்விட்டாரே என்று இருக்கிறதா? இரண்டாவதாகச் சொன்னதுதான் உண்மை என்றால், அவருடைய துயரத்தோடுதான் நீங்கள் பழகிக்கொண்டிருக்கிறீர்கள், அவரோடு இன்னும் பழகவில்லை.

1999இல் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹென்க் ஷுட் என்ற இரு ஆய்வாளர்கள் துயரத்தைப் பற்றி ஒரு விளக்கம் தந்தார்கள். துயரப்படுபவர் இழப்பை நோக்கியும், மீதமுள்ள வாழ்க்கையை நோக்கியும் மாறி மாறிப் போய்வருகிறார், அந்தப் போய்வருதல்தான் ஆரோக்கியம் என்பது அதன் சாரம். உங்கள் இரவுப் பேச்சை இதில் வைத்துப் பாருங்கள். இரண்டு மணி நேரமும் இழப்பின் பக்கமே நின்றால், ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப அலசி இருவரும் சோர்ந்துபோவீர்கள். நெருக்கம் கூடும், மனச்சோர்வும் கூடவே கூடும். எனவே துயரப் பேச்சை முதல் அரை மணி நேரத்தோடு நிறுத்தி, மிச்ச நேரத்தில் நடக்கப் போங்கள், ஒரு மொழியோ வாத்தியமோ கற்றுக்கொள்ளுங்கள், பழுதான எதையாவது சேர்ந்து சரி பண்ணுங்கள். கைக்கு வேலை இருக்கும் இடத்தில்தான் அவருடைய உண்மையான குணம் தெரியும்: பொறுமை, எரிச்சல், கஞ்சத்தனம், நகைச்சுவை எல்லாம்.

இன்னொன்று. அந்த போன் பேச்சைப் படுக்கைக்குப் போகும் நேரத்திலிருந்து குறைந்தது ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுங்கள். இல்லையென்றால் அவர் குரல் உங்களுக்குத் தூக்க மாத்திரையாகிவிடும். ஒரு நாள் அவரால் பேச முடியாவிட்டாலும் விடிய விடிய விழித்திருப்பீர்கள், மறுநாள் அவர்மேல் கோபம் வரும்.

கேள்வி: துணை இறந்து எத்தனை மாதம் கழித்து இன்னொருவரோடு பழகலாம்?

பதில்: மாதக் கணக்கு கிடையாது. 'ஒரு வருடம் போகட்டும்' என்று பலர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு: பிறந்தநாள், மணநாள், இறந்த நாள் எல்லாவற்றையும் ஒரு முறை தனியாகக் கடந்திருப்பீர்கள். ஆனால் சிலருக்கு இரண்டாம் வருடம்தான் கனமாக இருக்கிறது. முதல் வருடம் அதிர்ச்சியிலும் காகித வேலைகளிலும் ஓடிப்போயிருக்கும்.

மாதங்களை எண்ணுவதை விட்டு, இறந்தவர் செய்துகொண்டிருந்த வேலைகளைப் பட்டியல் போடுங்கள். கணக்குவழக்கு, சமையல், பிள்ளைகளின் பள்ளி விஷயம், வண்டி ஓட்டுவது என்று எதுவாகவும் இருக்கலாம். அதில் பாதிக்கு மேல் நீங்களே செய்யப் பழகிவிட்டால் நல்லது. அந்தக் காலி வேலையை நிரப்ப ஆள் தேடுகிறீர்கள் என்றால் சம்பளத்துக்கு ஆள் வையுங்கள், காதலிக்க வேண்டாம். வீடு மாற்றுவது, பணத்தை ஒன்றாகப் போடுவது, உயிலைத் திருத்துவது போன்ற திரும்ப எடுக்கச் சிரமமான முடிவுகளை மட்டும் ஒத்திப்போடுங்கள். பழகுவதை ஒத்திப்போட வேண்டியதில்லை.

கேள்வி: மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று ஐந்து கட்டம் உண்டாமே. நான் மூன்றாவதில் இருக்கிறேன், அவர் ஐந்தாவதில் இருக்கிறார். பொருந்துமா?

பதில்: அந்த ஐந்தையும் எலிசபெத் கூப்லர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969இல் எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசியதை வைத்து. பின்னால் வந்தவர்கள் அதை உயிரோடு இருப்பவர்களின் துயரத்துக்கு ஏணிப்படியாக்கிவிட்டார்கள். ஏற்றுக்கொண்டவர் அடுத்த வாரமே கோபத்துக்குத் திரும்பலாம். பொருத்தம் பார்க்க அதைப் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: என் காதலியின் தம்பி விபத்தில் இறந்தான். என் அம்மா நீண்ட நாள் நோயில் இருந்து போனார். நான் ஓரளவு தேறிவிட்டேன். நான் சிரித்தால் அவளுக்குக் கோபம் வருகிறது. 'உனக்கு என்ன, வயதானவர்தானே' என்று ஒரு முறை சொல்லிவிட்டாள். அவளைத் தேற்றித் தேற்றி எனக்கும் அலுத்துவிட்டது.

பதில்: இந்த மாதிரி உறவுகள் முறிவதற்கு நாங்கள் பார்த்தவரை முதல் காரணம் இதுதான். இருவருக்கும் இழப்பு என்பதால் இருவரும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் துக்கப்படுவோம் என்று எதிர்பார்க்கிறார்கள். அப்படி நடப்பதே இல்லை.

உங்கள் இருவருடைய இழப்பும் வேறு வகை. நீண்ட நோயில் ஒருவரைப் பார்த்துக்கொண்டவர், சாவுக்கு முன்பே துக்கத்தில் ஒரு பகுதியைப் பட்டுவிடுகிறார். பிறகு கொஞ்சம் விடுதலை உணர்வும், அதற்கான குற்ற உணர்வும் சேர்ந்து வரும். திடீர் விபத்தில் அந்த அவகாசம் இல்லை. அங்கே துயரத்தோடு அதிர்ச்சியும் இருக்கிறது: அந்தக் காட்சி கண்முன் வருவது, போன் மணி அடித்தாலே நெஞ்சு படபடப்பது, அந்தச் சாலையைத் தவிர்ப்பது. சிரிப்பு அவளுக்குத் துரோகமாகப் படுவது இதனால்தான். விபத்துக் காட்சி இன்னும் அப்படியே வந்துகொண்டிருந்தால் அதற்குத் தனியாகச் சிகிச்சை தேவை. உங்கள் அன்பு மட்டும் அதற்குப் போதாது.

'வயதானவர்தானே' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அப்போதே சண்டையாக்காமல், ஒரு நிதானமான நாளில், "யார் இழப்பு பெரியது என்ற பேச்சை நாம் இருவரும் எடுக்க வேண்டாம்" என்று ஒரு விதியாகச் சொல்லிவிடுங்கள். உங்களுக்கும் அதே விதி. 'நான் தேறிவிட்டேனே, உன்னால் ஏன் முடியாது?' என்பதும் அதே அளவுகோலின் மறுமுனைதான்.

அன்றாடத்துக்கு ஒரு முறை சொல்கிறோம். மாலையில் சந்தித்ததும், வேறு பேச்சுக்கு முன், இருவரும் அன்றைய கனத்தை 0 முதல் 10 வரை ஓர் எண்ணில் சொல்லுங்கள். ஒருவர் 8, மற்றவர் 3 என்றால், 3 சொன்னவர் கேட்பவர். இருவருமே 7க்கு மேல் என்றால் அன்று யாரும் யாரையும் தேற்ற முயல வேண்டாம். நீச்சல் தெரியாத இருவர் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். அந்த மாதிரி நாளுக்கென்று ஒவ்வொருவரும் இரண்டு வெளி ஆட்களின் பெயரை முன்பே எழுதி வைத்திருங்கள்: ஒரு நண்பர், ஓர் உறவினர், ஓர் ஆலோசகர், யாராகவும் இருக்கலாம். எண் சொல்வது முதல் வாரம் கேலிக்கூத்தாகத் தெரியும். ஆனால் 'என்ன ஆச்சு?', 'ஒன்றுமில்லை' என்ற பழைய உரையாடலை விட இது தேவலாம்.

அலுப்பைப் பற்றி: வாரத்தில் ஒரு நாள் துயரப் பேச்சிலிருந்து உங்களுக்கு விடுமுறை வேண்டும் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். சொல்லாமல் ஒதுங்கினால், அவளுக்கு அது இன்னொரு இழப்பாகவே தெரியும்.

ஒருவர் அழுது ஆறுவார், மற்றவர் அலமாரியை ஒழுங்குபடுத்தி ஆறுவார் என்பதையும் நினைவில் வையுங்கள். அழாதவருக்குத் துக்கமில்லை என்று முடிவுகட்டியதால் கெட்ட உறவுகள் நிறைய.

கேள்வி: நான் மணக்கப்போகிறவரின் வீட்டுக் கூடத்தில் அவருடைய மறைந்த மனைவியின் பெரிய படம் இருக்கிறது. அலமாரியில் அவருடைய உடைகள் அப்படியே இருக்கின்றன. ஒரு முறை என்னை அந்தப் பெயரில் கூப்பிட்டும்விட்டார். படத்தை எடுக்கச் சொல்லலாமா?

பதில்: எடுக்கச் சொல்லாதீர்கள், இடம் மாற்றுவதைப் பற்றிப் பேசுங்கள். இறந்தவரிடமிருந்து மனதை முழுதாகப் பிரித்தெடுத்தால்தான் துக்கம் தீரும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1990களிலிருந்து அந்தக் கருத்து மாறிவிட்டது. பிணைப்பு தொடர்ந்துகொண்டே புதிய வாழ்க்கையும் அமையும் என்பதை இன்று பெரும்பாலான ஆலோசகர்கள் ஏற்கிறார்கள். அவர் மறந்தால்தான் உங்களுக்கு இடம் என்று நினைத்தால், நடக்காத ஒன்றுக்காகக் காத்திருப்பீர்கள்.

வீட்டை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். படுக்கையறையில் இருவருடைய பழைய துணைகளின் படமும் வேண்டாம். கட்டில், மெத்தையை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். பொது அறையில் படம் இருக்கலாம், ஆனால் குடும்பப் படங்களோடு படமாக, அதே அளவில். அவருக்கென்று ஓர் அறையோ மேசையோ ஒதுக்கி, அங்கே அவர் விருப்பப்படி வைத்துக்கொள்ளட்டும். அங்கே நீங்கள் கை வைக்கக் கூடாது.

உடைகளை அவரே பிரிக்க வேண்டும், அவர் அழைத்தால் மட்டும் கூட இருங்கள். வைத்துக்கொள்பவை, பிள்ளைகளுக்கும் உறவினருக்கும் கொடுப்பவை, இப்போது முடிவு செய்ய முடியாதவை என்று மூன்று குவியல். மூன்றாவதை ஒரு பெட்டியில் போட்டு ஒட்டி, ஆறு மாதம் கழித்து வரும் ஒரு தேதியை மேலே எழுதுங்கள். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள், ஒரு தடவைக்கு இரண்டு மணி நேரம் போதும். இந்த வேலையில் வழக்கமாக நடக்கும் விபரீதம், அவர் வெளியூர் போயிருக்கும்போது 'உதவி' செய்வதாக எல்லாவற்றையும் கொடுத்துவிடுவது. சட்டையில் மிச்சமிருந்த வாசனைக்காக அதைத் துவைக்காமல் வைத்திருந்தவர், அதற்காக உங்களை ஆயுசுக்கும் மன்னிக்காமல் போகலாம்.

பெயர் மாறியதை மன்னித்துவிடுங்கள். மனம் ஒரே உறவு வட்டத்துப் பெயர்களை ஒன்றாக வைத்திருக்கிறது. அம்மா ஒரு பிள்ளையைக் கூப்பிட நினைத்து வரிசையாக மற்றப் பிள்ளைகள் பெயரைச் சொல்வதும் இதனால்தான். அவர் மனதில் நீங்கள் துணையின் இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றுகூட அதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 'அவள் இருந்திருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டாள்' என்ற ஒப்பீட்டை முதல் முறையே நிறுத்துங்கள். இறந்தவர் புதிதாகத் தப்புச் செய்வதில்லை. அந்தப் போட்டியில் உயிரோடு இருப்பவர் ஜெயிக்கவே முடியாது.

கேள்வி: அவருடைய மனைவி இறந்த நாள் நெருங்கினால் ஒரு வாரத்துக்கு முன்பே எரிந்து விழுகிறார். என் நாளும் அதே மாதத்தில் வருகிறது. எப்படிச் சமாளிப்பது?

பதில்: தேதி மறந்திருந்தாலும் வெயில், மழை, மாலை வெளிச்சம் போன்றவை உடலுக்கு நினைவூட்டிவிடும். தூக்கம் குறைவதும் எரிச்சலும் அதனால்தான். அவருக்கே காரணம் தெரியாமல் இருக்கலாம்.

ஒரு தாளில் 12 மாதத்தையும் எழுதி, இருவருடைய கடினமான தேதிகளையும் குறியுங்கள். இறந்த நாள், பிறந்தநாள், மணநாள் மட்டும் போதாது. நோய் உறுதியான நாள், கடைசியாகப் பேசிய நாள் போன்ற, வெளியில் யாருக்கும் தெரியாத தேதிகள்தான் திடீரென்று சண்டையாக வெடிக்கும். ஒவ்வொரு தேதிக்கும் 10 நாள் முன்பாக மூன்று விஷயம் கேளுங்கள்: அன்று நான் கூட இருக்கவா, வேண்டாமா? அன்று நான் சொல்லக் கூடாதது எது? மறுநாள் எத்தனை மணிக்கு வழக்கத்துக்குத் திரும்பலாம்? மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். திரும்பும் நேரம் பேசிவைத்திருந்தால், தனியாக இருக்கப் போனவர் ஒதுக்கிவிட்டார் என்ற பயம் மற்றவருக்கு வராது.

உங்கள் இருவர் தேதியும் நெருங்கி வருவதால், அந்த வாரத்துக்கு ஒருவர் மற்றவரை நம்பியிருக்க வேண்டாம். முன்பு சொன்ன வெளி ஆட்களை அப்போது கூப்பிடுங்கள். கல்யாணம், குடி போவது போன்ற எதையும் இந்தத் தேதிகளுக்கு இரு பக்கமும் இரண்டு வாரத்துக்குள் வைக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு 9 வயதில் மகள், 15 வயதில் மகன். அப்பா இறந்து இரண்டு வருடமாகிறது. நான் பழகுபவரை எப்போது அறிமுகப்படுத்துவது?

பதில்: நீங்கள் இருவரும் ஒரு சண்டையாவது போட்டு, சமாதானமாகி, சில மாதம் நிலையாக இருந்த பிறகு. பிள்ளை ஒட்டிக்கொண்டபின் அவர் விலகினால் அது அந்தப் பிள்ளைக்கு இரண்டாவது இழப்பு. ஆனால் வேறு யாரும் சொல்லி அவர்கள் தெரிந்துகொள்ளக் கூடாது. அந்த ஆபத்து இருந்தால் சீக்கிரமே நீங்களே சொல்லிவிடுங்கள்.

இருவரிடமும் தனித்தனியாகச் சொல்லுங்கள். 9 வயதுப் பிள்ளைக்குச் சாவு என்பது திரும்பி வராதது என்று புரியும். அவளுடைய பயம் 'அம்மாவும் போய்விடுவாளோ' என்பதாக இருக்கும். தினசரி எது மாறாது என்று சொல்லுங்கள்: யார் பள்ளிக்குக் கூட்டிப்போவார், இரவு யார் பக்கத்தில் இருப்பார். 15 வயதுப் பையனுக்கு அப்பாவுக்குத் துரோகமாகத் தோன்றும். அவனிடம் அனுமதி கேட்காதீர்கள், அந்தச் சுமை அவன் வயதுக்கு அதிகம். கருத்துக் கேளுங்கள், கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் சந்திப்பு வீட்டுக்கு வெளியே, ஒரு மணி நேரத்துக்குள் முடியட்டும். 'அப்பா' என்று கூப்பிடச் சொல்லவே சொல்லாதீர்கள். புதியவர் முதல் வருடமாவது கண்டிக்கும் வேலையை உங்களுக்கே விட்டுவிட வேண்டும்.

கேள்வி: நெருங்கும் நேரத்தில் அழுகை வந்துவிடுகிறது. அவர் தப்பாக நினைக்கிறார்.

பதில்: நீண்ட நாள் தொடுகை இல்லாத உடல் தளரும்போது அழுகையும் வரும். 'நிறுத்து' என்பதற்கு ஒரு சொல், 'அழுகிறேன், ஆனால் விலகாதே' என்பதற்கு ஒரு சொல், இரண்டையும் முன்பே பேசி வையுங்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்களுக்கு ஆசை குறைவது தெரிந்த பக்கவிளைவுதான். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

கேள்வி: எந்தக் கட்டத்தில் மருத்துவரிடம் போக வேண்டும்? ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் போதாதா?

பதில்: நீடித்த துயரம் இன்று ஒரு தனி நோயாக அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு இழப்புக்குப் பின் குறைந்தது 6 மாதம் என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2022 கையேடு பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. மாதக் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள். அநேகமாகத் தினமும் ஏக்கம் வாட்டுவது, இறந்ததையே நம்ப முடியாமல் இருப்பது, தன்னில் ஒரு பாதி போய்விட்டதாக உணர்வது, வேலையும் பழக்கங்களும் நின்றுபோவது போன்றவற்றில் பல சேர்ந்திருக்க வேண்டும். இதற்கென்றே வடிவமைத்த பேச்சுச் சிகிச்சை சுமார் 16 அமர்வுகள் நடக்கும். மாத்திரை, கூடவே இருக்கும் மனச்சோர்வைக் குறைக்க உதவும், ஆனால் துயரத்தின் ஏக்கத்தை அது மட்டும் பெரிதாகக் குறைப்பதில்லை. காதல் எந்தச் சிகிச்சைக்கும் பதிலி ஆகாது. உங்களைப் பார்த்துக்கொள்பவரும் துயரத்தில் இருப்பவர் என்பதை மறக்காதீர்கள்.

'நானும் போய்ச் சேர்ந்தால் தேவலாம்' என்று அவர் சொன்னால், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் புதிதாக வராது. வழியும் நேரமும் யோசித்து வைத்திருந்தால் தனியாக விடாமல், வீட்டிலுள்ள மாத்திரை, பூச்சிமருந்து போன்றவற்றை அப்புறப்படுத்தி, அன்றே அவசர சிகிச்சைக்கு அழைத்துப் போங்கள். ரகசியமாக வைத்திருப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள்.

நெஞ்சுவலியையும் 'துக்கத்தால்' என்று ஒதுக்க வேண்டாம். கடும் துயரத்தில் இதயத்தின் இடது கீழறை தற்காலிகமாகப் பலவீனமடையும் டாகோட்சுபோ என்ற நிலை 1990 முதல் மருத்துவ உலகுக்குத் தெரியும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அதிகம் வருகிறது. வெளியில் பார்க்க மாரடைப்பு போலவே இருக்கும், சோதிக்காமல் வேறுபடுத்த முடியாது.

கேள்வி: இரண்டு வருடம் ஒருவருக்கொருவர் ஆதரவாக இருந்தோம். இப்போது இருவரும் தேறிவிட்டோம். அவருக்கு என்னிடம் பேச ஒன்றுமில்லை என்கிறார். எல்லாம் பொய்யா?

பதில்: பொய்யில்லை. அந்த இரண்டு வருடத்துக்கு அந்த உறவு தேவைப்பட்டது, வேலையும் செய்தது. பேச ஒன்றுமில்லை என்பதை முதலில் சோதித்துப் பாருங்கள்: துயரம் இல்லாத ஒரு விஷயத்தில், ஒரு பயணமோ ஒரு வேலையோ, மூன்று மாதம் சேர்ந்து ஈடுபடுங்கள். அதுவும் வெறுமையாக இருந்தால் பிரிவதே நேர்மை.

பிரிவதென்றால் நேரில் சொல்லிப் பிரியுங்கள். பதில் போடாமல் மறைந்துபோவது, ஏற்கெனவே ஒருவர் திடீரென்று இல்லாமல் போனதைப் பார்த்தவருக்குச் செய்யக்கூடிய கொடுமை. நினைவு நாட்களைத் தவிர்த்து ஒரு தேதி பாருங்கள். அவர் தந்த கடிதங்களையும், இறந்தவரின் படங்களையும் திருப்பிக் கொடுங்கள், பிரதி எடுத்து வைக்க வேண்டாம். அடுத்த நினைவு நாளில் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பலாமா கூடாதா என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள்.